பதினான்கு நாள் சாப்பாடு

ஜனவரி 8, திங்கள்

தொடோமா நகரத்துத் தலைமை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி எலிபரிக்கிக்கு. சிபோலி கிராமத்துச் சேற்றில் பைக் தள்ளுவது எனக்கு. நான் வேலை கற்றுக்கொடுத்த பயல் அவன், எட்டு வருடமாக என் மேலதிகாரி. பொருளாதாரத்தில் முதுகலை முடித்த நான், ஐம்பத்திரண்டு வயதில், வீடு வீடாகப் போய் இன்று எத்தனை கிண்ணம் மாவு வேகவைத்தீர்கள் என்று கேட்கிறேன்.

எனக்கு நான்கு வீடுகள். பதினான்கு நாள், தினமும் போக வேண்டும். சமைத்தது, வாங்கியது, தின்றது எல்லாவற்றையும் எழுத வேண்டும். கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே வரும் வீட்டுக்கு அறுவடை வரை மாதம் ஒரு மூட்டை மக்காச்சோளம். கோட்டுக்கு மேலே வந்தால் ஒன்றுமில்லை. இந்த மூட்டை விஷயத்தை வீட்டாரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாரும் பட்டினி நடிப்பார்களாம். மேலிடத்து நினைப்பு.

நான்காவது வீடு லமெக் சிதவாலியுடையது. மண் சுவர், மண் கூரை. மனைவி செமெனி, மூன்று பிள்ளைகள். மற்ற மூன்று வீட்டையும் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம். கைகழுவச் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள் செமெனி. சாப்பிடக் கூடாது, விதி இருக்கிறது என்றேன்.

"எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதோ?" என்றாள்.

லமெக் முகம் சுண்டிவிட்டது. உட்கார்ந்தேன். கணக்கெடுப்பவர் அந்த வீட்டில் எதையும் உண்ணக் கூடாது என்று கையேட்டில் எழுதியவனே நான்தான். அட்டையில் எலிபரிக்கி பெயர் போட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். எந்த வீட்டு வாசலிலும் நிற்காமல், அலுவலகச் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுதிய விதி.

ஜனவரி 9

அரிசிச் சோறு, பயறு, சர்க்கரை போட்ட தேநீர். எழுதிக்கொண்டேன். இவர்களா ஏழைகள்?

ஜனவரி 12, வெள்ளி

எனக்கும் லமெக்குக்கும் உள்ளே தனித் தட்டு. செமெனியும் பிள்ளைகளும் பின்கட்டில் சாப்பிடுகிறார்களாம். இன்று கேள்விகளைக் கேட்டு முடிக்கும் முன்பே அவள் என்னைக் கேட்க ஆரம்பித்தாள்.

"தினம் எங்க அடுப்பைக் கேக்குறீங்களே அண்ணே, உங்க அடுப்புல என்ன வெந்துச்சுன்னு யாராவது வந்து கேக்குறாங்களா?"

"யாரும் கேக்கறதில்லம்மா."

"ஏன், உங்க வீட்டம்மா?"

"அவ முவான்ஸால வேலை பாக்குறா."

"எத்தனை வருஷமா?"

"அஞ்சு."

"அஞ்சு வருஷமா! அது வேலை இல்ல அண்ணே, ஓட்டம்."

லமெக் சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். அவளை முறைத்துப் பார்த்தேன். பிறகு நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜனவரி 15, திங்கள்

வீட்டுக்குப் பின்னால் லமெக்கின் கம்பு வயல். கம்பைவிடக் களை ஓங்கி நிற்கிறது. ஊரே களை எடுக்கும் வாரம். இவன் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ போகிறான், மதியத்துக்கு வந்து என்னோடு சாப்பிடுகிறான். சோம்பேறி. என் அண்ணன் ஞாபகம் வந்தது. அப்பாவின் நிலம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டு அதில் காலி பீர்ப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பவன்.

ஆனால் அண்ணனைப் பார்த்தால் வருகிற எரிச்சல் இவனைப் பார்த்தால் வருவதில்லை. ஏன்?

ஜனவரி 18, வியாழன்

பெருமழை. ஓடை தாண்டும்போது பைக் அணைந்துவிட்டது. லமெக் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினான். "அண்ணே, நீங்க எறங்காதீங்க, காகிதம் நனைஞ்சா நாங்க தின்னதெல்லாம் அழிஞ்சுபோயிடும். மறுபடி மொதல்லேர்ந்து திங்கணும்" என்றான்.

வீட்டில் செமெனி என் சட்டையை அடுப்போரம் காயப் போட்டாள். அவனுடைய ஒரே நல்ல சட்டையை எனக்குக் கொடுத்தார்கள். தோளுக்குப் போதவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட வெல்லம் எத்தனை கட்டி என்று கேட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கடைசி நாள். கோழி அடித்திருந்தார்கள். கோழியின் இரைப்பையைத் தனியாக எடுத்து என் தட்டில் வைத்தாள். அது வீட்டுத் தலைவனுக்கு வைப்பது. லமெக் அதைப் பார்க்காததுபோல் கூரையைப் பார்த்தான். என் சொந்த அம்மா அதை எப்போதும் அண்ணனுக்குத்தான் வைத்தாள்.

கோழி ஒன்று என்று எழுதினேன்.

"நாளைக்கு வர மாட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள் செமெனி. வேலை முடிந்தது என்றேன். அவள் முகத்தில் வருத்தமும் இருந்தது, ஏதோ பெரிய பாரம் இறங்கினதுபோலவும் இருந்தது. பின்னதை நான் புரிந்துகொள்ளவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

நான்கு வீட்டையும் கூட்டினேன். மூன்று வீடு கோட்டுக்குக் கீழே. லமெக் வீடு மேலே. நன்றாகவே மேலே. அரிசி, சர்க்கரை, பயறு, கோழி. எண்கள் சரி. இரண்டு முறை பார்த்தேன்.

மாலையில் ஊர் வியாபாரி ஒருவரின் சூரியகாந்தி வயல் ஓரமாக வந்தேன். வரிசையில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தான் லமெக். நிறுத்தி, பைக்கில் இருந்தபடியே திட்டினேன்.

"உன் வயல்ல களை இடுப்பளவு நிக்குது. ஊரான் வயல்ல என்னடா வேலை உனக்கு?"

நிமிர்ந்து சிரித்தான். "கூலிக்கு அண்ணே. நாளுக்கு நாலாயிரம் சில்லிங். கைல காசா இல்ல, அரிசியா முன்னாடியே வாங்கிட்டேன். இன்னும் மூணு நாள் வேலை பாக்கி கெடக்கு."

"அரிசி எதுக்கு? நீங்க கம்பு தின்ற ஆளுங்கதானே?"

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாரு அண்ணே, ரெண்டு வாரமா. படிச்ச மனுஷன். அவருக்குப் போய் கம்பங்களியும் வழவழன்னு கீரையும் வைக்க முடியுமா? செமெனி வெட்கத்துலயே செத்துருவா."

"யாரு விருந்தாளி?" என்று நான் கேட்டேன். ஐயோ, நிஜமாகவே கேட்டேன்.

அவன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். அவனுக்குத்தான் என்னை நினைத்துக் கூச்சம்.

"அப்போ பின்கட்டுல செமெனியும் பிள்ளைகளும் சாப்பிட்டது?"

"கஞ்சி அண்ணே. நீங்க கேட்டப்போ எல்லாருக்கும் சோறுன்னு அவதான் சொன்னா. விருந்தாளிகிட்ட வேற எப்படிச் சொல்றது?"

ஜனவரி 24

தூக்கமில்லை. நான்தான் தின்னேன். அவங்க வயலை நான்தான் தின்னிருக்கேன். தினம் மத்தியானம் போய் உக்காந்து, கைகழுவி, தின்னு, அதையே எழுதி, இவங்க பணக்காரங்கன்னு கூட்டிப் போட்டிருக்கேன். எனக்கு வெளியூர்ப் படி ஒரு நாளைக்கு வர்றது அவன் பத்து நாள் குனியற கூலி. அதுவும் பத்தலைன்னு போன மாசம் எலிபரிக்கிக்கு ரெண்டு பக்கம் கடிதம் எழுதினேன். ரெண்டு பக்கம்!

ஜனவரி 25

பேசாமல் அரிசியை அடித்துவிட்டுக் கம்பு என்று எழுதலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் தாளுக்குத் தாள் லமெக் கைநாட்டு இருக்கிறது. பிடிபட்டால் பொய் சொன்னது அவர்கள் என்று ஆகிவிடும், நான் இல்லை. வீட்டையே மூன்று வருடத்துக்குப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

வேறு வழி ஒன்று உண்டு. விருந்தாளி உண்டது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் அந்த விருந்தாளி யார் என்று எழுத வேண்டும். எழுதினால் வீட்டுக் கணக்கை மறுபடி எடுக்க வேண்டும், வேறு ஆள் வந்து. எழுதியவன் என்ன ஆவான் என்பதும் கையேட்டில் இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

ஜனவரி 26, வெள்ளி

தொடோமா. எலிபரிக்கி அறை. அந்த விருந்தாளி நான்தான் என்று எழுதிய கடிதத்தை நீட்டினேன். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். எட்டு வருடமாக இந்தச் சிரிப்புக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தான்.

"சார், இதை எதுக்கு எழுத்துல குடுத்தீங்க? நானும் சாப்பிட்டிருக்கேன். எல்லாருமே சாப்பிட்டிருக்கோம். கொண்டோவா பக்கம் ஒரு வீட்டுல எனக்காக ஆட்டையே வெட்டினாங்க."

"அந்த வீடு கோட்டுக்கு மேல வந்துச்சா, கீழ வந்துச்சா?"

ஜன்னலைப் பார்த்தான். "மேல" என்றான்.

பிறகு, "உங்களைக் களத்துல வச்சுக்க முடியாது சார். பதிவறைக்குத்தான் மாத்த முடியும். படி கிடையாது" என்றான். தெரியும் என்றேன். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டான். இன்னமும் சார் என்கிறான். இவனை ஒழுங்காக வெறுக்கக்கூட என்னால் முடியவில்லை.

ஜனவரி 29

பதிவறை. தூசி. லமெக் வீட்டுக்கு ருகியா என்ற பெண் போகிறாள். அரிசியெல்லாம் வேண்டாம், எப்போதும் சமைப்பதையே சமைக்கச் சொல் என்று லமெக்குக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. இனி நான் கை வைக்கக் கூடாது.

பிப்ரவரி 12, திங்கள்

ருகியா வந்தாள். "கம்பு, கீரை, பாதி நாள் ராத்திரி வெறும் வயிறு. ஒரு வாய்கூட நான் தொடலை சார். எலிபரிக்கி சார் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்தம்மா மூணு நாள் கெஞ்சிப் பாத்தாங்க. நான் டப்பாவைத் தூக்கிட்டு மரத்தடிக்குப் போயிட்டேன். நாலாவது நாள் என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்க ஆபீஸ்ல சாப்பிடத் தெரிஞ்சவர் அந்த அண்ணன் ஒருத்தர்தானா?'"

பிப்ரவரி 20

மூட்டை கிடைக்கும் வீடுகளின் பட்டியல் வந்துவிட்டது. சிதவாலி லமெக். பதினேழாவது பெயர். நாலைந்து தடவை பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சிபோலிக்குப் போனேன். என் செலவில், பஸ்ஸில். மூட்டை சுவரோரம் நின்றது. செமெனி செம்பு எடுத்து வரவில்லை.

"கூட்டத்துல ஊர் பூரா ஒக்காந்திருக்க, எங்க பேரை வாசிச்சாங்க. சோத்துக்கு வழியில்லாத வீடுன்னு. உங்களுக்கு ரெண்டு வாரம் எப்படி எப்படிச் செஞ்சேன்? நீங்க போய் எங்க வீட்டுல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டீங்க!"

"நான் எழுதல, நான்..."

"வேற யாரு? அந்தக் கோழி பொய்யா? நீங்க தின்னது பொய்யா?"

அவள் உள்ளே போய்விட்டாள். லமெக் என்னை வயல்வரை கூட்டிப்போனான். இந்த வாரம் அவன் கூலிக்குப் போகவில்லை. கால்வாசிக் களை எடுத்திருந்தான்.

"அவ பேச்சை மனசுல வச்சுக்காதீங்க அண்ணே. கம்பு இன்னும் செத்துப்போகல. இப்ப எடுத்தா பாதியாவது தேறும்."

"இன்னொரு மண்வெட்டி இருக்கா?" என்று கேட்டேன்.

மார்ச் 4, ஞாயிறு

உள்ளங்கையில் நான்கு கொப்புளம். செமெனி அடுத்த வரிசையில். என்னோடு பேசவில்லை, லமெக்கிடம் பேசினாள், எனக்குக் கேட்கும்படி.

"உங்க அண்ணனைப் பாருங்க, பயிரை வெட்டிப் போட்டுட்டுக் களைக்கு மண் அணைக்கிறாரு. இதுக்குத்தான் பட்டணத்துல படிக்க வைக்கிறாங்களா?"

மதியம் நான் கொண்டுபோன ரொட்டியைத் தனியாகத் தின்றேன்.

மார்ச் 18, ஞாயிறு

களை முடிந்தது. கம்பு பாதிக்குப் பாதிதான், ஆனால் நிற்கிறது.

மதியம் ரொட்டியைப் பிரித்தேன். செமெனி அதைப் பிடுங்கிக் கடைசிப் பிள்ளையிடம் கொடுத்தாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான், அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே இல்லை, பின்கட்டில். தரையில் ஒரே தட்டு. கம்பங்களி, வழவழப்பான கீரை. லமெக், அவள், மூன்று பிள்ளைகள், நான், ஆறு கைகள்.

பிள்ளைகளின் கை என் கையைவிட வேகம். நான் கீரைக்குப் போய்த் திரும்புவதற்குள் களியில் பள்ளம் விழுந்துவிடுகிறது. பாதி வயிறுகூட நிறையவில்லை. இன்னும் வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.