நாலாவது அறைக்கு அடிகோலியது யார்?

1946 மார்ச் 3

காலையிலேயே சண்டை. கூரை வீட்டுக்குப் பக்கத்து மனையில் கல் வீடு கட்டப் போகிறோம். சொந்தக்காரர்களுக்கு இவர் எழுதிய கடிதத்தில் "எங்கள் இல்லத்துக்கு அடிகோலும் விழா" என்று போட்டுவிட்டார். தன் சைக்கிள் கடையில் பத்திரிகை படித்துப் படித்து வந்த தமிழ். கனகம்மாசத்திரத்திலிருந்து ரசூல் சின்னத்தா பதறிக்கொண்டு வந்தார்.

"அடிக்கற கோலா? யாரைடா வாஹித் அடிக்கப் போறே?"

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

மாமா அரக்கோணத்தில் இந்துஸ்தானிக்காரர்களோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். "புனியாத்னு எழுதறதுக்கு என்னா?" என்றார். "அது நம்ம பேச்சே இல்ல அத்தா" என்றார் இவர். கொத்தனார் பங்காரு நடுவில் புகுந்து, "எங்க ஊட்டுத் தெலுங்குல புனாதின்னுதான் சொல்வோங்க" என்றான். நான் பிறந்ததிலிருந்து அஸ்திவாரத்தைக் கடைக்கால் என்றுதான் சொல்கிறேன். என்னை யார் கேட்டார்கள்?

மார்ச் 5

அந்தச் சண்டையிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "ஃபரீதா, அவன்கிட்ட சொல்லு." "ஃபரீதா, அவர்கிட்ட சொல்லு."

மார்ச் 7

கூடம், படுக்கையறை, அடுக்களை. மூன்றுதானாம். தையல் மிஷினுக்கு ஒரு சின்ன அறை வேண்டும் என்று இவரிடம் நாலு தடவை கேட்டாயிற்று. "அப்புறம் பாக்கலாம்." கல்யாணத்துக்கு என் அத்தா கொடுத்த மிஷின், மூன்று வருஷமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

ஒரு யோசனை தோன்றுகிறது. இங்கேகூட எழுதமாட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

எழுதிவிடுகிறேன். மாமாவிடம், "அடுக்களைக்குப் பக்கத்துல அவரு ஒரு ரூம் கேக்கறாரு" என்றேன். "கட்டிக்கினு போவட்டும், அவன்கூட யாரு பேசறது?" என்றார். இவரிடம் போய், மாமா கேட்கிறார் என்றேன். "அவர் இஷ்டம்." இரண்டு பேரும் ஆளுக்கொரு தெருவாக ஜும்மாவுக்குப் போனார்கள். நான் பங்காருவிடம் போனேன்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்களாம்மா?"

"ஆங். தனித்தனியா."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இரண்டு சொன்னேன்.

மார்ச் 14

நாலு அறைக்கும் கல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அந்தப் பக்கமே பார்க்காமல் நடக்கிறேன்.

மார்ச் 19

போச்சு. எல்லாம் போச்சு. ரசூல் சின்னத்தா வந்து இரண்டு பேரையும் கைபிடித்து உட்கார வைத்தார். மாமா பேசிய முதல் பேச்சே, "அந்த ரூமு உனக்கு எதுக்குடா?"

"எனக்கா? நீங்கதானே கேட்டீங்க?"

இரண்டு தலையும் என் பக்கம் திரும்பின.

"நான்தான். மிஷினுக்கு. எத்தினி தடவ கேட்டேன்... யாரு காதுலயும் ஏறல." அழக்கூடாது என்று இருந்தேன். அழுதேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "பங்காரு, அந்தக் கல்லப் பேத்து எடு." பங்காரு கடப்பாரையைத் தூக்கிவிட்டான். யா அல்லா, அந்த ஒரு நிமிஷம்!

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல் வரிசைமேல் ஏறி நின்றார். "வேணாம் அத்தா. எங்கிட்டதான் கேட்டா. நான்தான் காதுல போட்டுக்கல."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 20

மாமா எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. பங்காரு பாட்டுக்கு வைத்துக்கொண்டே போகிறான்.

மார்ச் 23

சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"கெழக்கால, மாமா."

"வடக்கால வெய்யி. காலம்பர வெயில் கண்ணுல அடிச்சா எப்பிடித் தைப்பே?"

ரசம் புரையேறிவிட்டது எனக்கு.

ஆகஸ்ட் 18

நோன்பு மாதம். பெருநாள் தையல் மலையாகக் குவிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாயம்மாள் ரவிக்கை தைக்க வந்தாள். வாசலில் மாமா அவளை நிறுத்தி, "இந்த ரூமுக்கு மூலமே நான்தான் தெரியுமா?" என்றார். உள்ளே வந்தால் இவர், "எல்லாம் என் யோசனைங்க" என்கிறார்.

தாயம்மாள் என்னைப் பார்த்தாள். வாயில் குண்டூசி இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.