விரித்து வைத்த பதின்மூன்று சீட்டு

3 ஜூன்
விடுதி, மூன்றாம் மாடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அதனால் கடிதம். நானும் பேத்தியும் சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் எனக்கு மேல் படுக்கை. ஏறிக் காட்டினேன். கீழே இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிக்கு அறுபது மேசை போட்டிருக்கிறார்கள். பதிவுத் தாளில் தொழில் என்ற இடத்தில் "சீட்டு" என்று எழுதினேன். பேத்தி அடித்துவிட்டு "இல்லத்தரசி" என்று போட்டாள். எனக்குச் சம்மதமில்லை.

நானும் பேத்தியும் ஒரு ஜோடி. முதல் ஆட்டமே ஒரு கணக்குப் பேராசிரியரோடும் அவர் மனைவியோடும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் ஜெயித்தேன். எல்லாம் நீ போட்ட பிச்சை. நம் குடும்பத்துக்கு என் கொழுந்தன் மனைவியாக நீ வந்த வருஷம், துணி காயப்போடும்போது பதின்மூன்று கிளிப்பைக் கையில் கொடுத்து, "ஒரு இனத்துக்குப் பதின்மூணு சீட்டு. வந்தது எத்தனை, வராதது எத்தனை, எண்ணுங்கக்கா" என்று சொல்லிக் கொடுத்தாயே. அதற்கு நன்றி என்று உன் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆட்டம் மதியம் இரண்டு மணிக்குத்தான். காலையெல்லாம் ஊர் சுற்றுகிறோம். ஒரு தெரு முழுக்கப் பொத்தான் கடை, வேறு ஒன்றுமே கிடையாது. இன்னொரு தெரு தெருவே இல்லை, நூற்றுப்பன்னிரண்டு படி. வீட்டுக் கதவுகள் படிமேல் திறக்கின்றன. பால்காரர் எப்படி ஏறுகிறார் என்று கேட்டேன், "மெதுவாத்தான்" என்றார்கள். வழி தவறி நின்றபோது ஒரு தையற்காரர் கழுத்தில் டேப்போடு கடையை அப்படியே போட்டுவிட்டு எங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். நல்ல மனுஷர்கள்.

கண்ணாடிக்கடைத் தெருவில் உனக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறேன். கண்ணைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

7 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது, சந்தோஷம். பேராசிரியரை ஜெயித்ததைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

பூதக்கண்ணாடி வேண்டாம். இதை மூக்குக்கண்ணாடி போடாமல்தான் எழுதுகிறேன், வரி கோணியிருக்கிறதா பாருங்கள். போன வருஷம் நம் ஊர் கிளப் போட்டியில் நாம் ஜோடியாக ஆடித் தோற்றுத் திரும்பும்போது காரில் நீங்கள் சொன்னீர்களே, என் கண் சரியில்லாமல்தான் ஆட்டம் போயிற்று என்று. அன்றிலிருந்து என் மகன் என்னைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். "பெரியம்மா பொய்யா சொல்வாங்க" என்கிறான். வாரம் இரண்டு நாள் நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போவேன், அதுவும் நின்றது. மருமகள் பட்டாணிகூட உரிக்கத் தருவதில்லை, புழு தெரியாதாம்.

குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன். நன்றாக ஆடுங்கள். துருப்புச் சீட்டை எண்ணுங்கள்.

உங்கள் தங்கச்சி

11 ஜூன்
விடுதி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை உன் மகனிடம் படிக்கக் கொடு. அவனுக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நேற்றுக் காலை பேருந்தில் பேத்தியும் படித்தாள். நாலு நிறுத்தம் போனது. அப்புறம் ஆரம்பித்தாள்.

"பாட்டி, போன வருஷம் நீங்க தோத்த அந்தக் கடைசி ஆட்டத்துல ஏலம் எடுத்தது யாரு?"

"நான்தான். வேற யாரு எடுப்பா?"

"அப்ப உங்க ஜோடி சின்னப் பாட்டி டம்மி."

"ஆமா."

"டம்மி பதின்மூணு சீட்டையும் மேசையில விரிச்சு வச்சிட்டு சும்மா உக்காந்திருக்கணும். ரெண்டு பேர் சீட்டையும் ஆடினது நீங்க. சும்மா இருந்தவங்க கண்ணு எப்படிப் பாட்டி தோக்க வச்சுது?"

"அங்க பாரு, எவ்வளவு பெரிய கடிகாரம்."

"கடிகாரம் இருக்கட்டும்."

இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. தெரியாத பேட்டையில் இறங்கினோம். வரிசையாகச் சலவைக் கடைகள், சந்தெல்லாம் நீராவி. ஒரு கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் இஸ்திரி போட, நான் பேத்தியிடம் சொன்னேன். அதையே உனக்கும் எழுதுகிறேன்.

அன்று ஸ்பேட் துருப்பு. பதின்மூன்றில் பன்னிரண்டு விழுந்துவிட்டது. ஒன்று வெளியே இருப்பதை நான் எண்ணவில்லை. ஜெயித்தாயிற்று என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சீட்டால் என் ஹார்ட் ஏஸை வெட்டினார்கள். நீ விரித்து வைத்த சீட்டு ஏலத்தில் நீ சொன்னபடியே இருந்தது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

காரில் என் மகன் "எப்படிம்மா தோத்தீங்க" என்றான். அஞ்சாம் வகுப்புக்காரிக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று பயம். வாயில் உன் கண் வந்துவிட்டது. காரில் இருந்த உன் மகன் உட்பட ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது, நம்பிவிட்டார்கள். பின் சீட்டில் நீ இருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் பேச்சு என்று நினைத்தேன். உன் கால் ஒரு வருஷமாகத் தனியாக வாசலைத் தாண்டவில்லை என்று உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதும் உண்மை.

தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. அடுத்த மாதம் கிளப் போட்டிக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்துவிடவா? ஜோடி உட்காரும் என் எதிர் நாற்காலி உன்னுடையது.

நூற்றிருபது ஜோடியில் எங்களுக்கு முப்பத்தொன்றாவது இடம். இந்தக் கடிதத்தில் எழுதும் விஷயம் இல்லைதான். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அக்கா

17 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

மகன் படித்தான். இரண்டு முறை. "டம்மின்னா என்னம்மா?" என்றான். பரணிலிருந்து சீட்டுக்கட்டை எடுக்கச் சொல்லி, பதின்மூன்றையும் மேசையில் விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப நீ ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"எல்லாரும் பெரியம்மாவைக் கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

மறுநாள் தனியாக நூலகம் போனேன். அவன் பின்னாலேயே வந்து ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின் ஒளிந்தான். வயிறு வெளியே தெரிந்தது. என் கண்ணுக்கு.

நன்றி அக்கா. பேச்சோடு விடாமல், எழுதி, அவனைப் படிக்கச் சொன்னீர்களே, அது லேசான காரியமில்லை. உங்கள்மேல் கோபம் இருந்தது, வருஷம் முழுக்க. இப்போது தேடிப் பார்த்தால் கொஞ்சம்தான் அகப்படுகிறது.

கிளப் போட்டிக்கு உங்களோடு ஆட வரவில்லை. நூலகர் அம்மா கேட்டார், அவரோடு ஆடுவதாகச் சொல்லிவிட்டேன். பேத்தியை விடாதீர்கள். அவள் கேள்வி கேட்கிறாள். நான் உங்கள் எதிரில் உட்கார்ந்த காலமெல்லாம் கேட்டதே இல்லை, அது என் தப்பு.

நம் இரண்டு ஜோடியையும் ஒரே மேசைக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் இடது கைப் பக்கத்து நாற்காலி எனக்கு. நீங்கள் ஏலம் எடுத்தால், உங்களுக்கு எதிராக முதல் சீட்டை இறக்குவது நான்தான்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி