வார்டுப் பாட்டிலில் நான் ஊற்றிய குழாய்த் தண்ணீர்

அனுப்புநர்:
த. சைலஸ், வார்டு ஆள்,
ஆண்கள், பெண்கள் பொது வார்டு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் டாக்டர் அம்மா அவர்கள்,
ஆரோன் நினைவு தர்ம மருத்துவமனை,
கோரமண்டல், கே.ஜி.எஃப்.

பொருள்: டியூப் போடும் முன் தோலில் தடவும் மருந்தை மாற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸில் இருமிக்கொண்டே போனீர்கள்; இப்போது தேவலையா? நான் ஞாயிறு பள்ளியில் எழுத்துக் கற்றதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் துளை போட்டவன் நான். கல் சரிந்து கால் நசுங்கிய பிறகு இங்கே சேர்ந்தேன். கீழே ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து, மேலே தூக்கி வரும் கேஜில் ஏறும் முன், துளை மெஷினின் எண்ணெய்க் கேனை நிரப்பி வைக்க வேண்டும். அடுத்து வருகிறவன் இருட்டில் தடவிக்கொண்டு நிற்கக்கூடாது. காலிக் கேனை விட்டு வந்த ஒருவனோடு ஒரு வாரம் நாங்கள் பேசவில்லை. அவன் பிறகு பெங்களூர் போய் பேக்கரி வைத்தான். அது வேறு கதை.

2. அதே பழக்கம் வார்டிலும் என்னோடு வந்தது. தோலில் தடவும் பழுப்பு மருந்து மாதத்துக்கு ஒரு பாட்டில்தான். அது பாதிக்கு இறங்கினால் என் கை சும்மா இருக்காது. தரை கழுவும் பினாயிலில் தண்ணீர் கலக்கிறோமே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பி வைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தது. தலைமை வார்டு ஆள் மாணிக்கராஜ், "சைலஸ் ஷிப்ட்ல பாட்டில் எப்பவும் ரொம்பிகினு இருக்குது பாரு" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்குப் பெருமையாக இருந்தது.

3. மார்ச்சில் என் மனைவி நேசமணி குடல் ஆபரேஷனுக்குச் சேர்ந்தாள். சாப்பிட முடியாததால், சத்து நீர் ஏற்ற, கழுத்துக்குக் கீழே ரத்தக் குழாயில் டியூப் போட்டார்கள். அந்தப் பாட்டிலை டிரேயில் வைத்துக் கொடுத்தது நான். ஐந்தாம் நாள் அவளுக்குக் குளிர் கண்டது. "இன்னாங்க, கதவ சாத்துங்க" என்றாள். கதவு சாத்தித்தான் இருந்தது. டியூப் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கர்த்தரின் சித்தம் என்றார் பாஸ்டர். நானும் ஆமென் சொன்னேன்.

4. ஜூனில் புதிதாக வந்த சாரா சிஸ்டர், நான் தண்ணீர் ஊற்றும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சைலஸ் ஐயா இது! தண்ணில இருக்கிற கிருமிய நீங்களே உள்ள வுட்றீங்களே!" என்றார். அவருக்கு நேசமணியைத் தெரியாது. ஸ்பிரிட்டில் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமி மருந்து இதைவிட நல்லது, எதைத் தடவினாலும் காய்ந்த பிறகுதான் ஊசி குத்த வேண்டும் என்றும் சொன்னார். வெடி வைத்தபின் புகை அடங்கும்வரை உள்ளே போகாமல் நின்றவன் நான். அது உடனே விளங்கியது. அன்றோடு நான் நிறுத்திவிட்டேன். ஆனால் என்னைப் பார்த்துப் பழகியவர்கள் நிறுத்தவில்லை. மாணிக்கராஜிடம் சொன்னேன். "பொண்டாட்டி போன துக்கத்துல பேசற. போய் டீ குடி" என்றார்.

வீட்டில் இதைக் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் மனு நீண்டுவிட்டது.

5. மூன்றாம் கட்டிலில் மங்கம்மா என்பவருக்கு வியாழக்கிழமை டியூப் போடுகிறார்கள். அவரைப் பார்க்க இதுவரை ஒருவரும் வரவில்லை. குளோர்ஹெக்சிடின் ஆறு சீசா ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது; சாவி தங்களிடம். அதில் ஒன்றை வார்டுக்குத் தந்து, பழைய பாட்டிலை அகற்றி, இனி எந்தப் பாட்டிலிலும் எதையும் ஊற்றி நிரப்பக்கூடாது, தடவியது காயும்வரை காத்திருக்க வேண்டும் என்று உத்தரவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என்மேல் நடவடிக்கை எடுக்க இந்தத் தாளே போதும். ஆனால் முதலில் சாவி.

இடம்: கோரமண்டல்
நாள்: 11.8.1998, செவ்வாய்

இப்படிக்கு,
த. சைலஸ்

பின்குறிப்பு: மடிக்கும்போதே மாணிக்கராஜ் கத்துகிறார். "யோவ் சைலஸ், மங்கம்மாவுக்கு இன்னிக்கே டியூபாம். பாட்டில எடுத்துனு வாய்யா!" அதைச் சாக்கடையில் கொட்டப்போகிறேன். இந்தத் தாளோடு நானே தங்கள் அறை வாசலுக்கு வருகிறேன். அம்மா, இதைப் படித்த கையோடு சாவியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.