செக்கிங் முடிந்த மறுநாள்

அன்பு மகேசு,

உன் மகனை இலங்கைக்குத் திரும்பிப் போகாதே என்று தடுக்க என்னிடம் என்ன காரணம் இருக்கிறது? கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் காரணமே தேவைப்பட்டிருக்காது. கதவை மறித்துப் படுத்திருப்பாய்.

இலங்கையில் சண்டை நிறுத்தம் உடைந்துவிட்டது. பேச்சுவார்த்தையும் முறிந்ததென்று டிவியில் சொன்னார்கள். எல்லைகளையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசினார்களாம். கம்பம் பக்கத்து அகதி முகாமில் தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்த ஒரு பையனுக்கு நாளைக்கு என்ன பிழைப்பு என்று அந்த மேசையில் யார் கேட்டிருப்பார்கள்? எனக்கு அந்த மேசைகள் மேல் என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. நீதான் ஒவ்வொரு முறையும் நம்பினாய்.

எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட வந்தபோது ஒருநாள் சொன்னாயே: "காசிருந்தவை கனடாவுக்குப் போச்சினம், அக்கா. நகை இருந்தவை மெட்ராசோட நிண்டிட்டினம். என்னட்ட இவன் ஒருத்தன்தான். இவன்ர கையில ஆரும் துவக்கைக் குடுத்திடக் கூடாதெண்டுதான் கடல் தாண்டினனான்."

அந்த உன் மகன் சுதன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான். மேலே படிக்க வழியில்லை. முகாம் பையன் என்றால் வேலைக்கும் யோசிக்கிறார்கள். ஊரில் எழும்புகிற மாடி வீடுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறான். போன வாரம் எங்கள் வீட்டுச் சுவரை அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் போகப்போவதாகக் காதில் விழுந்ததைக் கேட்டேவிட்டேன். எட்டு வயதில் வந்தவன். வெளியே அவன் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான்.

"ஆமா பெரியம்மா, போறேன். படகுக்கு ஆள் பாத்தாச்சு."

"அங்கன போனா துப்பாக்கியக் குடுத்துருவாகடா. ஒங்கம்மா எதுக்கு ஓடி வந்தா?"

"குடுக்கட்டும். இங்கன என்ன குடுத்தாக? இந்தப் பிரஷ்ஷுதான?" சிரித்தான். "என்ன, நீங்களும் பேச்சுவார்த்தையா? அப்ப டீ போடுங்க, பேசுவோம்."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்தான்.

முகாமில் அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் என்றால் ஒவ்வொருவரும் நேரில் வந்து நிற்க வேண்டும். போக நினைப்பவர்கள் அது முடிந்த மறுநாள்தான் கிளம்புவார்கள். அடுத்த செக்கிங் வரை யாரும் தேடமாட்டார்கள். உனக்குத் தெரியாததா? நாளை செக்கிங். போய் நிற்கப் போகிறேன்.

நேற்று பாதியில் நிறுத்தியதை இன்று இரவு தொடர்கிறேன்; இன்றைய செக்கிங்கில் நடந்தது இது. வரிசையில் சுதன் இருந்தான். நகக்கண்ணில்கூடப் பெயிண்ட் இல்லாமல் தேய்த்துக் கழுவியிருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டான்: "சார், அடுத்த செக்கிங் என்னிக்கு?"

"ஏலே, இதுவே இன்னும் முடியல. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரில்ல கேக்குறான்!" என்றார் அதிகாரி. வரிசை முழுக்கச் சிரித்தது. சுதன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மகேசு, நாளை விடியுமுன் பஸ் ஸ்டாண்டில், படகுக்குப் போகிறவன் ஏற வேண்டிய மதுரை பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். காரணம் இன்னும் கிடைக்கவில்லை. படியை மறித்து நிற்பேன்.

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
சாவித்திரி