சனிக்கிழமை என்று சொன்னது நான்தான்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கை வாலுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நன்றாக இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பள்ளியில் பரீட்சை அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது என்று சாக்குச் சொல்லலாம், அது உண்மையும்தான், ஆனால் அதற்காக மட்டும் தாமதிக்கவில்லை. எழுதிக் கிழித்தது நாலு. போனில் சொல்லலாம் என்றால் நீ "ம்", "சரி" என்பதைத் தாண்டுவதில்லை, வாலுவோ ரிசீவருக்கும் என் கன்னத்துக்கும் நடுவில் காதை நுழைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

"பங்குப் பட்டியல்ல நான் எத்தனையாவது வரிம்மா?" என்று கேட்டிருந்தாய். கிண்டலாகத்தான் கேட்டாய், எனக்கு அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை. உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் எங்கள் விவாகரத்தில் நீ யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் யாரும் கேட்பதில்லை, அதனால் அந்தப் பகுதியில் உன் பேச்சு இல்லை, அவ்வளவுதான். வீட்டை விற்றதும் முதலில் உன் படிப்புக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் இரண்டாகப் பிரிப்பது என்று எழுதியாயிற்று, அதைச் சொன்னது அப்பா, நான் தலையாட்டினேன். சாமான்களைப் பிரித்த கதையைக் கேட்டால் சிரிப்பாய். ஆளுக்கொரு பட்டியல் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார்கள். சோபாவை இரண்டு பேருமே எழுதவில்லை, உன் படிக்கும் மேஜையை இரண்டு பேருமே முதல் வரியில் எழுதியிருந்தோம். கோர்ட்டில் எங்களுக்குள் சமரசம் பேச வைத்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த மேஜையில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். மேஜை இங்கேதான் இருக்கிறது, ஜன்னல் ஓரம். மிக்ஸி இங்கே வந்துவிட்டது, அதன் பெரிய ஜார் அங்கே போய்விட்டது. பீரோ எனக்கு, சாவி அவர் பேண்ட் பையில் எங்கேயோ. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் புடவை எடுக்கிறேன்.

ஜீவனாம்சம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன், "ஒரு பைசா விடாம வாங்கும்மா" என்று. வாலுவுக்கு மாதாமாதம் தருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார், பள்ளி முடிகிறவரை இல்லை, படிப்பு முடிகிறவரை. எனக்கென்று வேண்டாம், சம்பளம் வருகிறது என்றேன். என் வக்கீலம்மா, "டீச்சரம்மா, இது வீராப்பு காட்டுற இடம் இல்ல" என்று கடிந்துகொண்டு, அதற்குப் பதிலாக வீட்டு விலையில் என் பங்கைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். அதில் எந்தத் தகராறும் இல்லை. தகராறு நான் செய்த ஒரு காரியத்தில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

அப்பாவின் சப்ஸ்டேஷன் வேலை உனக்குத் தெரியும். ஏழு நாள் வேலை, எட்டாம் நாள் ஓய்வு, பிறகு ஷிப்ட் மாறும். ஓய்வு நாள் இந்தத் தடவை புதன் என்றால் அடுத்த தடவை வியாழன். இந்தக் கணக்கு அவர் மண்டையில் என்றைக்கும் ஏறியதில்லை. மாதம் பிறந்தால் அவர் கொண்டுவரும் தாளைப் பார்த்துச் சமையலறைக் காலண்டரில் நான்தான் வட்டம் போடுவேன், ஓய்வு நாளுக்குச் சிவப்பு. குளியலறையிலிருந்து, "நாளைக்கு எனக்கு என்ன ஷிப்ட்டு?" என்று அவர் கத்துவதைக் கேட்டுத்தானே நீ வளர்ந்தாய். சமரசம் பேசிய அன்று, வாலு என்னோடு இருப்பாள், வாரத்தில் எந்த நாள் அவளைக் கூட்டிப்போக உங்களுக்குச் சௌகரியம் என்று அந்த அம்மாள் அவரைக் கேட்டார். அவர் என்ன செய்தார் தெரியுமா, திரும்பி என்னைப் பார்த்தார். வக்கீலம்மா ஏதோ என்னை முறைக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரியும் அது என்ன பார்வை என்று, குளியலறைக் கேள்விதான் அது. நான், "சனிக்கிழமை அவருக்குச் சரியா வரும்" என்றேன். உடனே அவரும் "ஆமா, சனிக்கிழமை" என்றார். அவருக்குச் சனிக்கிழமை ஓய்வு வருவது எட்டு வாரத்துக்கு ஒரு முறை. அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே, தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் குழந்தையைப் பார்க்கும் உரிமையை மறுபடி யோசிக்கலாம் என்று ஒரு வரியை வக்கீலம்மா சேர்த்தார். அதையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். வாய் தவறி வந்தது என்று முதல் இரண்டு நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தவறி வரவில்லை கண்ணு. நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் ஒரு தட்டு குறைந்தது, அவர் போனதும் இன்னொன்று. வாலு அவரோடு இருந்தால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள், என்னோடு இருந்தால் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். இவளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம், வேறொன்றுமில்லை.

கையெழுத்துக்கு முன் ஐந்து வாரம் நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். முதல் சனிக்கிழமை யாரிடமோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வந்து, பூங்கா பெஞ்சிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். இவள் இரண்டு மணி நேரம் அவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்திருக்கிறாள், பிறகு பசி தாங்காமல் எழுப்பியிருக்கிறாள். எட்டு வயதுப் பெண், யாராவது கூப்பிட்டிருந்தால்? மூன்றாவதும் நாலாவதும் வரவில்லை. அதை வாலு உனக்குப் போனில் சொல்ல, நீ எனக்கு அந்தக் கடிதத்தை எழுதினாய், அவரிடம் "இனிமேல் எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றும் சொல்லிவிட்டாய். போன சனிக்கிழமை, மாற்றிக்கொண்ட முதல் நாளை ஈடுகட்ட இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். வாலு எட்டு மணிக்கே காலுறை, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தவள் பன்னிரண்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. பிறகு தானே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, "அன்னிக்கு நான் அவரை எழுப்பிட்டேன்ல, அதான்மா வரல" என்றாள். அழவில்லை. பல் துலக்கிவிட்டேன் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அன்றைக்கே அவருக்குப் போன் செய்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "தெரிஞ்சேதான் சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் பின்னால் சப்ஸ்டேஷன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. "நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன், வேற என்ன" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம், "சரி, வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு என்ன ஷிப்ட்டு?" என்று கேட்டார். பகல் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வருகிற வியாழக்கிழமை கையெழுத்து. நாற்பது டீச்சர்களுக்கு அட்டவணை போடுகிறவளுக்கு இது ஒரு வேலையா, உட்கார்ந்து புதிதாக ஒன்று போட்டேன். அவருடைய ஓய்வு நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அது வாலுவின் நாள், பள்ளி விட்டதும் கூட்டிப்போய் இரவு அங்கேயே தங்கல். பகல் ஷிப்ட் ஓடும் நாட்களில் இரண்டு சாயங்காலம். இரவு ஷிப்ட் நாட்களில் அவர் தூங்கட்டும். அந்த மூன்று முறை வரியை அடிக்கச் சொன்னேன். வக்கீலம்மா, "உங்க எதிர்க்கட்சிக்கும் நீங்கதான் வக்கீலா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த அட்டவணைப்படி மாதத்தில் எத்தனை இரவு நான் தனியாக இருப்பேன் என்று மட்டும் எண்ணவில்லை.

ஆகையால் உன் கோபத்தில் அந்தச் சனிக்கிழமைகளுக்கான பங்கு எனக்கு வர வேண்டியது, அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் உனக்கும் அவருக்கும் உள்ளது, அதில் நான் நுழையவில்லை. அவர் மேல் எனக்கு இருப்பது அப்படியேதான் இருக்கிறது, அது வேறு விஷயம். லீவுக்கு யார் வீட்டில் இறங்குவது என்று கேட்டாய், எங்கே இறங்கினாலும் மேஜை இருக்கும் இடத்துக்கு ஒரு தடவையாவது வா. இருமல் மருந்தை வெறும் வயிற்றில் குடிக்காதே, தலை துவட்டாமல் தூங்காதே. எந்தக் குறையும் உன்னைத் தீண்டாமல் நீ நினைத்த படிப்பைப் படித்து முடிக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். இந்த மாதத்து ஷிப்ட் முழுவதும் எழுதியிருக்கிறேன், சிவப்பு வட்டம் போட்ட நாளில் அவர் வீட்டில் விழித்திருப்பார், அன்றைக்கு ஒரு போன் செய். அடுத்த மாதத்துக்கு என்ன ஷிப்ட் என்று அவரையே கேட்டுக்கொள், நான் இனிமேல் காலண்டரில் வட்டம் போடப் போவதில்லை.

உன்னிடம் ஒன்றும் மறைக்காத,
அம்மா