பாறையில் கேட்ட குரல்

ஜூலை 6, ஞாயிறு
கீரை விதைத்தேன். மூட்டுவலி பரவாயில்லை. மாலையில் பாறைக்குப் போனேன். ஊரில் சிக்னல் அங்கே மட்டும்தான். போனில் வந்ததையெல்லாம் சத்தமாகப் போட்டுக் கேட்பார்கள். இன்று ஒரு காணொளி. எங்கள் ஜவ்வாது மலையில் சாமைக் கஞ்சி குடித்த குழந்தை சாகக் கிடக்கிறது என்று ஒரு பெண் அழுகிறாள். ஜீப் ஓட்டும் சிங்காரம் மூன்று முறை போட்டான். மூன்றாவது முறை எனக்கே அது உண்மையோ என்று பட்டது. பஸ் நிறுத்தத்தில் சாமைக் கஞ்சி விற்பவள் செல்லி ஒருத்திதான்.

ஜூலை 7
செல்லியின் பானை மதியம்வரை நிறைந்தே இருந்தது. காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் இந்தி எழுத்து. இந்தப் பக்கத்துக் குழந்தையே இல்லை. ஒருவர்கூடவா கவனிக்கவில்லை? அல்லது என் கண்தான் சரியில்லையா? நான்கு பத்தியில் மறுப்பு எழுதி, ஆதாரத்துக்கு அந்தக் காணொளியையும் சேர்த்து, பாறையிலிருந்து ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

ஜூலை 8
எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. காணொளியை மட்டும் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். “வாத்தியாரே அனுப்பிக்கிறாரு, பொய்யா இருக்குமா?” என்கிறான் சிங்காரம். முப்பது வருஷம் அறிவியல் நடத்தினேனே — எதுக்கு?

ஜூலை 9
வெளியே போகவில்லை.

ஜூலை 11
செல்லி வீட்டுக்கே வந்துவிட்டாள். “இன்னா சார், நீங்களுமா?”
விளக்கினேன். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.
“என் ரெண்டு பசங்களும் இந்தக் கஞ்சி குடிச்சிதான வளந்துதுங்க? செத்தா பூட்சுங்க? எதுத்தாப்ல டீக்கட வச்சிக்கிற சின்னராசுதான் கெளப்பி வுட்டுருப்பான்.”
மறுபடி சொல்லச் சொல்லி, அவள் சம்மதத்தோடு பதிவு செய்தேன். மாலை பாறைக்குப் போய், ஒரு வரியும் எழுதாமல் அனுப்பினேன். சின்னராசு பெயரை வெட்ட வேண்டும் என்று தோன்றியது. வெட்டத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வெட்டியிருப்பேனா?

ஜூலை 14
அந்தப் பதிவு திருப்பத்தூர்வரை போய்விட்டதாம். செல்லியின் பானை காலையிலேயே காலி. நேற்று யாரோ சின்னராசின் பாய்லரைக் கவிழ்த்துவிட்டார்கள். இன்று அவன் கடை திறக்கவில்லை.
“கோவத்துல சொன்னதுங்க சார். அவுரு பாவம், ஒண்ணும் பண்ணல,” என்றாள் செல்லி. அதையே நிதானமாகப் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்பினேன்.
மாலை பாறையில் சிங்காரம் அதைப் பாதியில் நிறுத்தினான். “இதுல இன்னா சார் கீது? இருங்க, அந்தத் திட்டு திட்டுச்சே, அதப் போடறேன்.”
எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்லியின் குரல் சின்னராசு பெயருக்கு வந்துவிட்டது.