லிஃப்டுக்குள் சவரம்

அம்மாவுக்கு வணக்கம். மூன்று நாள் தீவிர ஆலோசனைக்குப் பின், நான் எழுதும் காமிக்ஸ் நாயகனின் மீசையை எடுத்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

அவன் மீசையோடு பழுதான லிஃப்டுக்குள் மாட்டி அறுபது பக்கம் ஆகிறது. இனி மீசையில்லாமல் வரைந்தால் புத்தகம் சீக்கிரம் முடியும், அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடலாம் என்று நினைத்து, அட்டையையும் அப்படியே அச்சிட்டுவிட்டேன்.

புத்தகத்துக்குப் படம் வரையும் அக்கா கேட்டார்: "ஏன்டா, மூடின லிஃப்டுக்குள்ள அவனுக்கு யாரு சவரம் பண்ணிவிட்டா? நீ போயிட்டு வந்தியா?"

அப்பாவின் பழைய சட்டை ஒன்றை அனுப்பு. நாயகனின் சட்டையை அக்கா அதன் மடிப்பு பார்த்து வரைய வேண்டுமாம். துவைக்க வேண்டாம். அக்கா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

பி.கு.: அட்டை அச்சாகிவிட்டதால், அறுபது பக்கத்தையும் மீசையில்லாமல் முதலிலிருந்து வரைகிறோம். ஊருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.